ரெண்டாம் பந்தியின் முதல் ஆல்பம்

மலர்விழியின் குரலைப் போனில் மட்டும் கேட்டவர்கள் அவளைச் சாந்தமான பெண் என்றுதான் நினைத்திருப்பார்கள். குருபோங் தொழிற்பேட்டையில் ஓர் இழுவை லோரி நிறுவனத்தில் அவளுக்கு வேலை. நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனவர்கள் கூப்பிடுவார்கள். கத்துவார்கள், அழுவார்கள், சிலர் அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டுவார்கள். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எந்த கிலோமீட்டர்ல நிக்கிறீங்க சார்?” என்று மட்டும் கேட்பாள். வாரம் முழுக்க வாங்கிக்கொண்ட கத்தலை ஞாயிற்றுக்கிழமைகளில் வட்டியோடு திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அதற்கென்று ஓர் இடம் இருந்தது. அதே தொழிற்பேட்டையில் டயர் கிடங்கு ஒன்றின் மாடியறை. ஞாயிறன்று அக்கம்பக்கத்தில் ஆள் இருக்காது. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மலர்விழி அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் உறுமினால், கீழே டயர்களுக்கு நடுவே தூங்கும் பூனை எழுந்து வெளியே போய்விடும். விமலன் கிட்டார் வாசிப்பான். வங்கியில் வேலை பார்ப்பவன், எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே கவலைப்படுபவன், ஒலிப்பதிவும் அவன் பொறுப்புதான். டிரம்ஸ் தனேஷ். பேனர் அச்சடிக்கும் கடையில் இருக்கிறான். கவலை என்றால் என்னவென்று கேட்கக்கூடிய ஆள்.

மூவரும் சேர்ந்த பேண்டின் பெயர் ‘ரெண்டாம் பந்தி’. மெட்டலின் இரைச்சலும் பங்க்கின் அவசரமும் கலந்த வாசிப்பு. பாடுவது மட்டும் நம் வீட்டுக் கூத்தையெல்லாம். காலையில் குடும்ப வாட்சாப் குரூப்பில் ரோஜாப்பூப் படம் போடும் சித்தப்பாக்களைப் பற்றி ஒரு பாட்டு. கோலாலம்பூரிலிருந்து சாலையில் ஜாமே இல்லாமல் வந்து சேர்ந்ததாகச் சாதிக்கும் சொந்தக்காரர்களைப் பற்றி ஒன்று. ‘எப்பக் கல்யாணம்?’ என்ற பாட்டில் அந்த இரண்டு சொற்களைத் தவிர வேறு சொல்லே கிடையாது. பேய் பிடித்தவள்போல மலர்விழி அதையே உறுமிக்கொண்டிருப்பாள்.

பெயர் வைத்ததும் அவள்தான். சிறு வயதில் அவளுடைய குடும்பம் எந்தக் கல்யாணத்திலும் முதல் பந்தியில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. இரண்டாவது பந்தியில் இலை போடும்போது வடை பாதியாகியிருக்கும், அப்பளம் தூளாகியிருக்கும், பாயாச வாளியில் கரண்டி தரையைச் சுரண்டும் சத்தம் கேட்கும். அதைப் பற்றிக் கோபமாக ஒரு பாட்டு எழுத உட்கார்ந்தாள். எழுதி முடித்தபோது சிரிப்புதான் வந்தது. ஆனால் கோபமும் போகவில்லை. இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டில் நிற்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

முதல் ஆல்பத்துக்குப் பன்னிரண்டு பாட்டு. எல்லாவற்றையும் அந்த மாடியறையில் பதிவு செய்து, மூவரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். வாசிப்பில் குறை இல்லை. ஆனால் ஒரு பாட்டுக்கும் சிரிப்பு வரவில்லை.

“மைக்க மாத்திப் பாக்கலாமா?” என்றான் விமலன்.

“மைக் என்னா பண்ணும்? நாம மூணு பேரும் செவுத்தப் பாத்து ஜோக் அடிச்சிக்கிட்டு இருக்கோம்லா. எதுத்தாப்புல ஆளு வேணும். நல்லாருந்தா சிரிக்கணும், நல்லால்லன்னா எழுந்திரிச்சிப் போவணும். அந்த மாதிரி ஆளு.”

“நம்ம பாட்டுக்கு யாரு ஹால் குடுப்பா?”

“குடுப்பாங்க,” என்றாள் மலர்விழி. அவள் ஒன்றைச் சொன்னால் அது நடந்துவிட்ட மாதிரியே இருக்கும். வண்டி நின்றுபோனவர்களிடம் “லோரி வந்துக்கிட்டிருக்கு” என்று சொல்லிச் சொல்லி வந்த பழக்கம் அது.

தனேஷ் ஒரு போஸ்டர் அடித்தான். சமையல் விளம்பரம் மாதிரியே இருக்க வேண்டும், அதுதான் வேடிக்கை என்றான். மஞ்சள் தாளில் பெரிய அண்டா, அதற்குள்ளிருந்து கிட்டாரின் கழுத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே சிவப்பு எழுத்தில்: ‘ரெண்டாம் பந்தி! சுடச்சுட! காரசாரமாக! பன்னிரண்டு ஐட்டங்கள்! உங்கள் விசேஷத்துக்கு நாங்கள் ரெடி!’ அதற்கும் கீழே மலர்விழியின் நம்பர். குருபோங்கிலும் அலோர் காஜாவிலும் ரெம்பியாவிலும் மளிகைக் கடைகளில் ஒட்டிவிட்டு வந்தான். அண்டாவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கரண்டி மாதிரி இருக்கிறதே என்று விமலன் மட்டும் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியான வேளையில் போன் வந்தது.

“ரெண்டாம் பந்திங்களா?”

“ஆமா ஆன்ட்டி, சொல்லுங்க.”

“என் பேரு அன்னம்மா. ரெம்பியாவுலேருந்து பேசுறேன். கடையில போஸ்டர் பாத்தேன். எங்க வீட்டுக்காரருக்கு அறுவது வயசு ஃபங்ஷன் வருது. ஞாயித்துக்கெழம மத்தியானம். ஹால் எடுத்தாச்சு. எரநூறு பேர் வருவாங்க. வந்து செய்வீங்களா?”

மலர்விழி நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். “கண்டிப்பா செய்வோம் ஆன்ட்டி.”

“பன்னெண்டு ஐட்டம்னு போட்டிருக்கே. பன்னெண்டும் உண்டா?”

“பன்னெண்டும் உண்டு. கேட்டீங்கன்னா கூட ஒண்ணு ரெண்டு போட்டுவிடுவோம்.”

“காரம் எப்படிமா?”

“கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும். அதான் நம்ம ஸ்டைல்.”

“வயசானவங்க இருப்பாங்களே.”

“அவங்களுக்குன்னு கொறச்சுக்கிறோம். சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் ஆன்ட்டி ரொம்பப் புடிக்கும், விடவே மாட்டாங்க.”

“சாமான்லாம்?”

“எல்லாம் நாங்களே வேன்ல கொண்டாந்துருவோம். நீங்க கரண்டு மட்டும் குடுத்தாப் போதும்.”

“கரண்டா?” அன்னம்மா ஒரு கணம் யோசித்தார். “இப்பல்லாம் எல்லாமே கரண்டுலதான் போல. சரிமா, அட்வான்ஸ் எவ்ளோ?”

“அதெல்லாம் வேணாம் ஆன்ட்டி. முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்.”

“ஒங்க பேரப் பாத்துத்தான்மா கூப்புட்டேன்,” என்றார் அன்னம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “ரெண்டாம் பந்தின்னு பேரு வெக்கணும்னா அதுக்கு ஒரு மனசு வேணும்.”

பேண்டின் பெயரைப் புரிந்துகொண்டு பேசிய முதல் ஆள் இவர்தான். மலர்விழிக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வேன் ரெம்பியாவில் அந்த ஹாலின் முன்னால் போய் நின்றது. உள்ளே சரிகைத் தோரணம், பலூன், பெரிய எழுத்தில் ‘தங்கராஜு 60’. விருந்தாளிகள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். சுவரோரமாக வெள்ளைத் துணி விரித்த நீள மேசைகள் வெறுமையாகக் கிடந்தன. மேடையைத் தங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறார்களே என்று மலர்விழி சந்தோஷப்பட்டாள். விமலன் லாப்டாப்பைத் திறந்து மைக்குகளை இணைத்து, பதிவை அப்போதே ஓடவிட்டான். ஒன்றையும் தவறவிடக்கூடாது என்பது அவன் கவலை.

அரக்குப் பட்டுப்புடவையில் அன்னம்மா வேகமாக வந்தார். நேராக தனேஷ் இறக்கிவைத்திருந்த பெரிய வட்டப் பெட்டியிடம் போய் அதன் மூடியைத் தட்டிப் பார்த்தார்.

“இதுல என்னாப்பா, பிரியாணியா?”

“கிக் டிரம் ஆன்ட்டி,” என்றான் தனேஷ்.

“டிரம்மா? சாப்பாட்டு டிரம் எங்க?”

“எந்தச் சாப்பாடு ஆன்ட்டி?”

அன்னம்மா தனேஷைப் பார்த்தார். விமலன் கையிலிருந்த கிட்டாரைப் பார்த்தார். கறுப்பு டீசட்டையில் நின்ற மலர்விழியைப் பார்த்தார். பிறகு வெள்ளைத் துணி விரித்த மேசைகளைப் பார்த்தார். நால்வருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. தனேஷுக்குக்கூடச் சிரிப்பு வரவில்லை.

அன்னம்மா கத்தியிருந்தால் மலர்விழிக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கத்தவில்லை. பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“என் நாத்தனாருங்க ரெண்டு பேரும் வந்திருக்காங்க. முப்பத்தஞ்சு வருசமா அவுங்க வூட்டு விசேஷத்துல என்னையும் எம் பிள்ளைங்களையும் கடைசியாத்தான் உக்கார வெப்பாங்க. பரிமாறுறவங்க சட்டியக் கவுத்துக் காட்டுவாங்க. எங்க வூட்டு விசேஷம்னு ஒண்ணு வந்தா, கடைசி ஆளு எழுந்திரிக்கிற வரைக்கும் சட்டி நெறஞ்சி இருக்கணும்னு நெனச்சேன். ஒங்க பேரப் பாத்ததும் இவுங்கதான் சரின்னு...” அவர் வெறும் மேசைகளைப் பார்த்துக் கையை விரித்தார்.

விமலன் வேனின் சாவியைக் கையில் எடுத்துவிட்டான். மலர்விழி அவனைப் பார்த்த பார்வையில் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

அவள் அன்னம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். “ஆன்ட்டி, தப்பு எங்களோடது. அந்த மாதிரி போஸ்டர் அடிச்சா யாராருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க. இப்ப நான் சொல்றதக் கேளுங்க. சாப்பாடு வரும். எரநூறு பேருக்கும் வரும். அது வர்ற வரைக்கும் இந்த ஹால விட்டு ஒருத்தரும் போவ மாட்டாங்க. ரெண்டும் என் பொறுப்பு.”

“எப்படிமா?”

“தெனமும் என் வேலையே இதுதான் ஆன்ட்டி.”

உண்மையில் அவளுக்குப் பயமே வரவில்லை. வண்டி நின்றுவிட்டது, ஆட்கள் காத்திருக்கிறார்கள், ஏதாவது அனுப்ப வேண்டும். இதை அவள் ஆயிரம் தடவை செய்திருக்கிறாள். ஒரே கடையில் இருநூறு சாப்பாடு திடீரென்று கேட்டால் முடியாது என்பார்கள். பத்துக் கடையில் இருபது இருபதாகக் கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். வாசலுக்குப் போய் நின்று போனை எடுத்தாள். ரெம்பியாவில் மூன்று கடை, அலோர் காஜாவில் ஐந்து, தம்பின் போகும் சாலையில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை, மலாய்க்கார மக்சிக் அம்மா ஒருவரின் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுக் கடை. எங்கே கோழிக் குழம்பு, எங்கே மரக்கறி, எங்கே ரொட்டி சானாய் என்று கையிலேயே எழுதிக்கொண்டாள். கடைக்காரர்களுக்கான காசை அன்னம்மா ஏற்றுக்கொண்டார். எப்படியும் சமையல்காரருக்குக் கொடுக்க வைத்திருந்ததுதான். கடைசியாக மலர்விழி கூப்பிட்டது அவளோடு வேலை செய்யும் இழுவை லோரி டிரைவர் காந்தனை.

“அண்ணே, எங்க இருக்கீங்க?”

“அலோர் காஜா டோல் கிட்ட. லீவு நாள்ல கூப்புடுறே, எங்க பிரேக்டவுன்?”

“சோறு பிரேக்டவுன்ணே. கடையெல்லாம் மெசேஜ்ல அனுப்புறேன். வரிசையா எடுத்துக்கிட்டு ரெம்பியா ஹாலுக்கு வாங்க. பின்னால தார்ப்பாய் விரிச்சிக்குங்க.”

“நெஜமாவா சொல்றே?”

“எரநூறு பேர் பசியோட உக்காந்திருக்காங்க.”

“வந்துக்கிட்டிருக்கேன்,” என்றார் காந்தன்.

ஹாலுக்குள் திரும்பியபோது நாற்காலிகள் நிறைந்துவிட்டிருந்தன. முன்வரிசையில் அன்னம்மாவின் கணவர் தங்கராஜு புது வேட்டி சட்டையில் உட்கார்ந்திருந்தார். மணல் லோரி ஓட்டியவர், பெரிய தோள்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லையாம். அவருக்கு இருபுறமும் அவருடைய அக்காமார் இருவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் பாட்டு எடுபடவில்லை. ‘குட்மார்னிங் குரூப்’ என்று வாட்சாப் பாட்டைத் தொடங்கிய உடனே பாதிப் பேர் காதைப் பொத்தினார்கள். கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. அந்த அக்காமாரில் ஒருவர் எழுந்து நின்று, பாட்டு முடிகிற இடைவெளிக்காகக் காத்திருந்தவர்போல உரக்கச் சொன்னார்: “என்னா கருமம் இது? மணி பன்னெண்டாவுது, சோத்தக் காணோம், பேய் ஓட்டுறாங்க!”

ஹால் சிரித்தது. பேண்டைப் பார்த்துச் சிரித்த சிரிப்புதான். ஆனாலும் சிரிப்பு. பல வாரமாக அந்த மாடியறையில் இல்லாத ஒன்று இதோ எதிரில் இருந்தது. மலர்விழி மைக்கின் பக்கத்தில் வந்தாள்.

“ஆன்ட்டி சொல்றது சரிதான். சோறு இன்னும் வரல. அதுக்குக் காரணம் அன்னம்மா ஆன்ட்டி இல்ல, நாங்க. அவுங்க எங்கள கேட்டரிங்னு நெனச்சிக் கூப்புட்டாங்க. நாங்க கச்சேரின்னு நெனச்சி வந்துட்டோம்.”

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அது அப்படியே முன்னால் பரவி வந்தது. அன்னம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“சோறு வந்துக்கிட்டிருக்கு. நான் கேரண்டி. அதுக்குள்ள ஒண்ணு கேக்குறேன். எங்க பேண்டு பேரு ரெண்டாம் பந்தி. இங்க இருக்கிறவங்கள்ல, ரெண்டாவது பந்தியில உக்காந்து பாயாசம் கெடைக்காம எழுந்திரிச்சிப் போனவங்க யாரு? கையத் தூக்குங்க.”

முதலில் பிள்ளைகள் தூக்கினார்கள். அப்புறம் பின்வரிசைகளில் ஒவ்வொன்றாக. தோட்டத்திலிருந்து வந்திருந்த வயதானவர்கள் தூக்கினார்கள், அவர்களைத் தூக்கச்சொல்லி மருமக்கள் முழங்கையால் இடித்தார்கள். கடைசியாக, தூணோரம் நின்றிருந்த அன்னம்மா தூக்கினார். அவர் நாத்தனார்களைப் பார்க்கவில்லை. நேராக மேடையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல விறைப்பாகத் தூக்கினார்.

“அப்ப இது ஒங்க பாட்டு,” என்றாள் மலர்விழி. தனேஷ் நாலு தட்டு தட்டினான்.

முதப் பந்திக்கு மூணு வடை!
எனக்கு மட்டும் மொட்ட எல!
அப்பளம் எங்கடா?
நொறுங்கிப் போச்சு!
பாயாசம் எங்கடா?
தீந்து போச்சு!

கேள்வியை அவள் உறுமினாள். பதிலை விமலனும் தனேஷும் கத்தினார்கள். இரண்டாவது சுற்றில் பிள்ளைகள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். மூன்றாவதில் பெரியவர்கள். “தீந்து போச்சு!” என்று நூறு வாய் சொன்னபோது மலர்விழி வயிற்றிலிருந்து எடுத்த காற்றெல்லாம் அவளுக்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. இந்தப் பாட்டைச் சிரிப்புக்காக எழுதினோமா கோபத்துக்காக எழுதினோமா என்று அவள் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இந்த ஹால் கேட்கவே இல்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டே கோபமாகக் கத்தினார்கள்.

அப்போதுதான் முன்வரிசையில் தங்கராஜு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கையை வாயருகே குவித்து, செம்மண் சாலையில் எதிர்வரும் லோரியை நிறுத்துகிறவர்போல ஒரு குரல் கொடுத்தார்.

“சோறு எங்கம்மாஆஆ?”

மலர்விழி உட்பட அந்த ஹாலில் ஒருவராலும் அப்படியொரு உறுமலை அதுவரை உறுமியிருக்க முடியாது. அன்னம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். தனேஷ் கையை நிறுத்தவில்லை, இன்னும் வேகமாக அடித்தான். மலர்விழி அதே தாளத்தில் பதில் கொடுத்தாள்.

“வந்துக்கிட்டிருக்கு!”

“சோறு எங்கம்மா?” இந்த முறை ஹாலே கேட்டது.

“டோல் தாண்டிருச்சு!”

“சோறு எங்கம்மா?”

“சிக்னல்ல நிக்குது!”

எழுதாத பாட்டு அது. காந்தன் அனுப்பும் மெசேஜை விமலன் கிட்டாரில் ஒரு கையை வைத்தபடியே படித்துச் சொல்வான். மலர்விழி அதை அப்படியே உறுமுவாள். கடை பெயர், குழம்பு பெயர், எத்தனை பொட்டலம் என்பதெல்லாம் பாட்டில் வந்தது. ‘மீன் குழம்பு ஏறிருச்சு’ என்றபோது கைதட்டல். ‘ரசம் கொஞ்சம் கொட்டிருச்சு’ என்றபோது ஊளை. கைப்பையை மடியில் வைத்திருந்த அக்காமாரில் இளையவர் தன்னையறியாமல் பையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு மணி ஆவதற்குள் வாசலில் மஞ்சள் விளக்கு சுழன்றது. காந்தனின் இழுவை லோரி ஹாரனை அழுத்திக்கொண்டு உள்ளே வளைந்தது. பின்மேடையில், விபத்தில் நசுங்கிய கார்களை ஏற்றும் இடத்தில், தார்ப்பாயின் மேல் பழுப்புத் தாள் பொட்டலங்களும் தூக்குச்சட்டிகளும் வாளிகளும் ரொட்டி அடுக்குகளும் கட்டிவைக்கப்பட்டிருந்தன. தனேஷ் டிரம்ஸில் ஒரு வரவேற்பு வாசித்தான். ஆம்பளைகள் ஓடிப்போய் இறக்கினார்கள்.

காந்தன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே மேடையருகில் வந்தார். “எல்லாம் வாங்கிட்டேன். பாயாசம் மட்டும் எங்கயும் இல்லமா. ரோட்டோரத்துல செண்டோல் விக்கிறவருகிட்ட இருந்த மொத்தத்தையும் ரெண்டு வாளியில எடுத்தாந்துட்டேன். அதுவும் இனிப்புதானே, பரவால்லியா?”

மலர்விழி அதை மைக்கில் சொன்னாள். “பாயாசம் எங்கடா?” என்று கூட்டம் கேட்டது. “செண்டோல் வந்தாச்சு!” என்றாள். அன்றைக்கு அதுதான் கடைசி வரி.

சாப்பாட்டை மேசைகளில் வைத்ததும் வழக்கமான தள்ளுமுள்ளு ஆரம்பமானது. அன்னம்மா இரண்டு கையையும் விரித்து மறித்து நின்றார். “ரெண்டாம் பந்திக்காரங்க மொதல்ல உக்காருங்க!” என்றார். உடனே எல்லாருமே தாங்கள் ரெண்டாம் பந்திக்காரர்கள்தான் என்றார்கள். நாத்தனார் இருவரும்கூடச் சொன்னார்கள். அன்னம்மா அவர்களை ஒரு கணம் பார்த்தார். பின்வரிசையில் கை தூக்கியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, நாத்தனார்களிடம் வந்து, “அக்கா, கொஞ்சம் பொறுங்க. ஒங்களுக்கும் இருக்கும். தீராது,” என்றார். தீரவில்லை. கடைசி ஆள் எழுந்தபோதும் மூன்று சட்டியில் குழம்பு மிச்சமிருந்தது.

அடுத்த ஞாயிறு மாடியறையில் மூவரும் பதிவைக் கேட்டார்கள். விமலன் தலையில் கைவைத்துக்கொண்டான். பாட்டுக்கு நடுவே குழந்தை அழுகிறது. நாற்காலி இழுபடுகிறது. யாரோ “டேய், செருப்ப யாரு எடுத்தா?” என்கிறார்கள். பேஸ் இரண்டு இடத்தில் சுருதி தப்புகிறது.

“கொரல மட்டும் எடுத்து, மிச்சத்த சுத்தம் பண்ணிடவா?”

“தொடாதே,” என்றாள் மலர்விழி. “அந்தக் கொழந்த அழுவுறது சரியான எடத்துல விழுந்திருக்கு பாரு. நான் நெனச்சிருந்தாக்கூட அங்க வெச்சிருக்க முடியாது.”

“மத்த பதினோரு பாட்டு?”

“அதத் தூக்கிப் போட்டுட்டுத் திரும்பப் பண்ணுவோம். ஆளுங்கள உக்கார வெச்சி. இனிமே ஆள் இல்லாம ரெக்கார்ட் பண்றதில்ல.”

அப்படியே செய்தார்கள். வாட்சாப் பாட்டை புக்கிட் காத்திலில் ஒரு பிறந்தநாள் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் பதிவு செய்தார்கள். ‘எப்பக் கல்யாணம்?’ பாட்டுக்குத் தன் அலுவலகத்துப் பெண்கள் பத்துப் பேரை மலர்விழி டயர் கிடங்குக்கே அழைத்துவந்தாள். அவர்கள் கேட்க வேண்டியதை அவள் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆல்பத்துக்கு ‘சோறு எங்கம்மா’ என்று பெயர் வைத்து, தீபாவளிக்கு முந்தின வாரம் இணையத்தில் வெளியிட்டார்கள். இது இசையே இல்லை என்று ஒருவர் நீளமாக எழுதினார். நம் விருந்தோம்பலைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று இன்னொருவர் எழுதினார். இரண்டையும் தனேஷ் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினான். ஆனால் பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பள்ளிப் பேருந்துகளில் பிள்ளைகள் கத்தினார்கள். ஜோகூரில் மலாய்ப் பையன்களின் பங்க் பேண்டு ஒன்று, தங்களோடு மேடையேற வரமுடியுமா என்று கேட்டு ஆள் அனுப்பியது. மலர்விழி உடனே வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் விமலனிடம் தெரிவித்தாள்.

ஆல்பத்தைப் போனில் எடுத்துக்கொண்டு அவள் ரெம்பியாவுக்குப் போனாள். அன்னம்மா வீட்டு வரவேற்பறையில் தேநீர், முறுக்கு. ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. தங்கராஜு வழக்கம்போலப் பேசாமல், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். “சோறு எங்கம்மா” என்று முதலில் கேட்கும் இடம் வந்தது. ஸ்பீக்கர் அதிர்ந்தது.

“இது இவரா, நீயாமா?” என்றார் அன்னம்மா.

“அங்கிள்தான்.”

அன்னம்மா போனை வாங்கி, விரலால் பின்னுக்குத் தள்ளி, மறுபடி அதே இடத்தைப் போட்டார். இன்னொரு தடவை. கணவரைத் திரும்பிப் பார்த்தார். “இவ்ளோ கொரல இத்தன வருசம் எங்க வெச்சிருந்தீங்க?”

தங்கராஜு தேநீரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். அவர் பார்வை மனைவியிடம் போகவில்லை, மலர்விழியிடம் போனது.

“நம்ம வூடுங்க இருக்குற தாமான்ல ரோட்டு மேடு போட்டு வெச்சிருக்கானுங்க பாத்தியா?” என்றார். “நாலு வூட்டுக்கு ஒரு மேடு. மணல் லோரி ஓட்டும்போது என் இடுப்பு ஒடஞ்சதே அதுலதான். அதப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். நெறைய இருக்கு.”

மலர்விழி அன்னம்மாவிடமிருந்து போனை வாங்கி, பதிவுப் பொத்தானை அழுத்தி, மேசையில் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

“சொல்லுங்க அங்கிள். மெதுவா வேணாம், கத்தியே சொல்லுங்க.”